'குறை' வேறு, 'கழி' வேறு: முழுக்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

−3 − 4 எவ்வளவு?

மாலையில் என்னிடம் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடா வருடம் முதல் நாள் கேட்கும் கேள்வி இது. பாதிப் பேர் யோசிக்காமல் "ஏழு" என்பார்கள். எப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்க்கா."

அதே பிள்ளையிடம் வேறு மாதிரி கேட்பேன். "அண்ணாச்சி கடையில் உனக்கு மூணு ரூபாய் கடன். இன்னைக்கு இன்னும் நாலு ரூபாய்க்குக் கடன் சொல்லிட்டு வந்துட்ட. இப்ப என்ன கணக்கு?" உடனே வரும்: "ஏழு ரூபாய் கடன்." கடன் ஏழா, கையில் ஏழா என்று அவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஆக, விஷயம் தெரியாமல் இல்லை. தாளில் அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்ததும்தான் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. '−' என்ற ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது. ஓர் எண்ணுக்கு முன்னால் ஒட்டி நின்றால், அந்த எண் பூஜ்ஜியத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால், எடுத்துவிடு என்று வேலை ஏவுகிறது. முதலாவது பெயரோடு சேர்ந்த அடையாளம், இரண்டாவது செயல். இரண்டையும் நாம் "மைனஸ்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: குறை, கழி. இந்த வழிகாட்டி முழுவதும் இந்தச் சொற்களைப் பிரித்துச் சொல்வதைத்தான் நம்பியிருக்கிறது. 5 − (−3) என்பதை "அஞ்சு மைனஸ் மைனஸ் மூணு" என்று வாசிக்காதீர்கள். "ஐந்திலிருந்து குறை மூன்றைக் கழி" என்று வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை என்றால் எண்ணுக்கு "நெகட்டிவ்", செயலுக்கு "மைனஸ்" என்று பிரித்துக்கொள்ளலாம். '+' குறிக்கும் இதே கதைதான். எண்ணோடு நின்றால் மிகை, நடுவில் நின்றால் கூட்டு. மிகை எண்ணுக்கு முன்னால் அந்தக் குறியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. 4 என்றால் மிகை 4.

ஆறாம் வகுப்பில் இந்த எண்களை அறிமுகம் செய்கிறார்கள், ஏழாம் வகுப்பில் நான்கு அடிப்படைச் செயல்களும் வருகின்றன. அந்த வரிசையிலேயே போவோம்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் பாடநூலில் மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். 1, 2, 3 என்று எண்ணத் தொடங்குபவை இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். அவற்றோடு −1, −2, −3 என்று மறுபக்கமும் சேர்ந்தால் முழுக்கள். 'முழு எண்கள்', 'முழுக்கள்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இலங்கைப் பாடநூல்களைப் பார்க்க நேர்ந்தால் அங்கே நேர், மறை என்பார்கள். திசைகொண்ட எண்கள் என்று ஒரு தலைப்பே உண்டு. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். எண்ணுக்கு அளவு மட்டும் போதாது, திசையும் வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

0 மிகையும் இல்லை, குறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இது ஒரு மதிப்பெண் கேள்வியாக அடிக்கடி வரும்.

சரி, ஏன் இந்த எண்கள் தேவைப்பட்டன? முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு 3 + 5 செய்யலாம், 3 × 5 செய்யலாம், 5 − 3 செய்யலாம். 3 − 5 செய்ய முடியாது. சின்ன வகுப்பில் "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது" என்று சொல்லிக்கொடுத்திருப்போம். ஆனால் கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும், போகும். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால், போட்ட காய்களில் ஒன்றைத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும். இன்னும் ஒரு காய்கூடப் போடவில்லை என்றால்? கடன் நிற்கும். அடுத்து ஒரு காய் விழுந்ததும் அதை எடுத்து நடுவில் வைத்துக் கடனைத் தீர்க்க வேண்டும். கடன் இருக்கும்போது உங்கள் கணக்கு −1. ஒரு காய் போட்டதும் −1 + 1 = 0. பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாரும் இதைக் கணக்குப் பாடம் என்று நினைப்பதில்லை, ஆனால் எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள்.

தரையில் கோடு போடுங்கள்

நோட்டில் வேண்டாம், முதலில் தரையில். மொட்டை மாடியோ வாசலோ, சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. நடுவில் 0. வலப்பக்கம் 1 முதல் 10 வரை, இடப்பக்கம் −1 முதல் −10 வரை, ஒரு காலடிக்கு ஓர் எண். இடைவெளிகள் சமமாக இருக்கட்டும். போட்டு முடித்ததும் பிள்ளையிடம் மொத்தம் எத்தனை எண்கள் என்று கேளுங்கள். இருபது என்பார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று. 0 விட்டுப்போயிருக்கும்.

கோட்டின் மேல் நின்று முதலில் பழக வேண்டியது பெரியது சிறியது. −7, −2 இரண்டில் எது பெரியது? 7 பெரியது என்ற பழக்கத்தில் −7 என்று சொல்லத் தோன்றும். கோட்டில் வலப்பக்கம் போகப் போகப் பெரியது, இடப்பக்கம் போகப் போகச் சிறியது என்ற ஒரே விதி போதும். −2 வலப்பக்கம் இருக்கிறது, அதுவே பெரியது. இரண்டு ரூபாய் கடன்காரர் ஏழு ரூபாய் கடன்காரரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். −2 டிகிரியைவிட −7 டிகிரியில் குளிர் அதிகம், அதாவது வெப்பநிலை குறைவு. எந்தக் குறை எண்ணும் எந்த மிகை எண்ணையும்விடச் சிறியது என்பதால் −1000 < 1.

அப்புறம், −7 இருக்கும் இடம் வேறு, அது 0-இலிருந்து இருக்கும் தூரம் வேறு. தூரம் ஒருபோதும் குறை எண் ஆகாது. 7-உம் −7-உம் பூஜ்ஜியத்திலிருந்து ஏழு காலடி தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. இப்படிப்பட்ட ஜோடியைக் கூட்டினால் 0 வரும். ஒன்றை மற்றொன்றின் கூட்டல் நேர்மாறு என்பார்கள். பின்னால் கழித்தலுக்கு இது வேண்டும், மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் இங்கேயே பேசிவிடலாம்: 0-ஐ எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் நம் தேர்வு. உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். அதனால் கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில் நெல் விளைகிறது என்றால் அந்த வயலின் உயரம் குறை எண். எவரெஸ்ட் ஏறத்தாழ 8849 மீட்டர், சாக்கடலின் கரை ஏறத்தாழ −430 மீட்டர். வெப்பநிலைக்குத் தண்ணீர் உறையும் இடத்தில் 0 வைத்திருக்கிறோம். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் அளவுகோலை முன்வைத்தபோது அதைத் தலைகீழாக வைத்திருந்தார். கொதிநிலை 0, உறைநிலை 100. அந்தக் கணக்கில் உறைபனிக் காலத்தில் எண் நூறுக்கு மேலே போகும், குறை எண்ணே வராது. பின்னர்தான் திருப்பி வைத்தார்கள். குளிர் அதேதான், 0 இருக்கும் இடம்தான் மாறியது.

கூட்டலும் கழித்தலும்: நடந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான இடம். ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

முதல் எண்ணில் போய் நில்லுங்கள். நடுவில் இருக்கும் செயல், எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும். கூட்டு என்றால் வலப்பக்கம் முகம். கழி என்றால் இடப்பக்கம் முகம். இரண்டாவது எண்ணின் அடையாளம், எப்படி நடப்பது என்று சொல்லும். மிகை என்றால் முன்னோக்கி. குறை என்றால் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி.

−3 − 4. குறை 3-இல் நில்லுங்கள். கழி, ஆகவே இடப்பக்கம் திரும்புங்கள். மிகை 4, ஆகவே முன்னால் நாலு அடி. வந்து நிற்கும் இடம் −7.

−3 + 4. குறை 3-இல் நின்று, வலப்பக்கம் திரும்பி, முன்னால் நாலு அடி. 1.

−3 + (−4). வலப்பக்கம் முகம், ஆனால் பின்னால் நாலு அடி. மறுபடி −7. முதல் கணக்கும் இதுவும் ஒரே இடத்துக்கு வருவதைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள். நாலைக் கழிப்பதும் குறை நாலைக் கூட்டுவதும் ஒன்றுதான் என்று நாம் சொன்னால் அது ஒரு விதி. காலால் நடந்து தெரிந்துகொண்டால் மறக்காது.

5 − (−3). ஐந்தில் நில்லுங்கள். கழி, இடப்பக்கம் திரும்புங்கள். குறை 3, பின்னால் மூன்று அடி. இடம் பார்த்து நின்றுகொண்டு பின்னால் நடந்தால் வலப்பக்கம்தான் போவீர்கள். 8. இந்த இடத்தில் சில பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இரண்டு முறை திரும்பினால் பழைய திசைக்கே வந்துவிடுகிறோம் என்பது உடம்புக்கே புரிகிறது.

நடக்க இடமில்லாத வீடுகளில் புளியங்கொட்டை போதும். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் மிகை 1, கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் குறை 1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் 0, அந்த ஜோடியை எடுத்துத் தனியே வைத்துவிடலாம். −3 + 4 என்றால் மூன்று கறுப்பு, நாலு வெள்ளை. மூன்று ஜோடி போய்விடும், மிச்சம் ஒரு வெள்ளை.

கழித்தலுக்கு ஒரு சின்ன உத்தி வேண்டும். 3 − (−2) செய்ய வேண்டும். தரையில் மூன்று வெள்ளை இருக்கிறது. இரண்டு கறுப்பை எடுக்கச் சொல்கிறது கணக்கு. கறுப்பே இல்லையே? இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்து வையுங்கள். ஒரு ஜோடியின் மதிப்பு 0 என்பதால் மொத்தம் மாறவில்லை. இப்போது ஐந்து வெள்ளை, இரண்டு கறுப்பு. கறுப்பு இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து வெள்ளை. இதே உத்தியில் 2 − 5 செய்து பாருங்கள். இரண்டு வெள்ளையோடு மூன்று ஜோடி சேர்த்து, ஐந்து வெள்ளையையும் எடுத்தால் மூன்று கறுப்பு மிஞ்சும். சின்ன வகுப்பில் "போகாது" என்று சொன்ன கணக்கு போய்விட்டது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீனத்தில் கணக்கர்கள் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார்கள். அவர்களிடம் கொட்டைக்குப் பதில் குச்சிகள். மிகைக்குச் சிவப்பு, குறைக்குக் கறுப்பு. இன்று கணக்குப் புத்தகத்தில் நட்டத்தைச் சிவப்பில் எழுதும் நமக்கு அது நேர் எதிர்.

நடையும் கொட்டையும் பழகியபிறகு எழுத்துக்கு வாருங்கள். எழுத்தில் ஒரே ஒரு வழிதான் வேண்டும்: கழித்தல் வந்தால், அடுத்த எண்ணின் நேர்மாறைக் கூட்டலாக மாற்றி எழுதுங்கள். 5 − (−3) என்பதை 5 + 3 என்று எழுதலாம். −3 − 4 என்பது −3 + (−4) ஆகும். எல்லாம் கூட்டலாக மாறியபின், ஒரே அடையாளம் என்றால் அளவுகளைக் கூட்டி அதே அடையாளத்தைப் போடுங்கள். வேறு வேறு அடையாளம் என்றால் பெரிய அளவிலிருந்து சின்ன அளவைக் கழித்து, பெரிய அளவின் அடையாளத்தைப் போடுங்கள். 6 + (−10) என்றால் அளவு 4, பத்துதான் பெரியது, அது குறை, எனவே −4.

வித்தியாசம் கேட்கும் கணக்குகளில் இது நன்றாக உதவும். எவரெஸ்ட் உச்சிக்கும் சாக்கடல் கரைக்கும் உயர வித்தியாசம் 8849 − (−430) = 8849 + 430 = 9279 மீட்டர். லடாக்கின் லே நகரில் ஒரு ஜனவரி நாள், மதியம் 2 டிகிரி, விடியற்காலை −12 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 2 − (−12) = 14. பிள்ளைகள் 10 என்று எழுதுவார்கள். கோட்டில் விரல் வைத்து எண்ணச் சொன்னால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

கழித்தலில் வரிசை முக்கியம். 5 − 3 = 2, 3 − 5 = −2. பரிமாற்றுப் பண்பு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உண்டு, கழித்தலுக்கு இல்லை.

கி.மு., கி.பி. ஆண்டுகளையும் இந்தக் கோட்டில் போடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. போடலாம், ஒரு எச்சரிக்கையோடு. கி.மு. 1-க்கு அடுத்தது நேராகக் கி.பி. 1. நடுவில் 0 என்று ஓர் ஆண்டு இல்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63, இறந்தது கி.பி. 14. 14 − (−63) = 77 என்று வந்தாலும், இல்லாத பூஜ்ஜிய ஆண்டுக்காக ஒன்றைக் குறைத்தால் 76. செப்டம்பரில் பிறந்தவர் ஆகஸ்டில் இறந்ததால் 76 நிரம்பவில்லை, 75 வயதுதான். கோட்டில் 0 இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெருக்கலில் மட்டும் அந்த 'மைனஸும் மைனஸும் பிளஸ்' வாய்ப்பாடு

3 × (−2) எளிது. இரண்டு ரூபாய் கடன் மூன்று முறை, −6. (−2) × 3 என்றாலும் அதேதான்.

(−3) × (−2) வரும்போதுதான் "ஏன்க்கா?" என்ற கேள்வி வரும். "அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சின்ன வயதில் அப்படித்தான் சொன்னார்கள், பல வருடம் அந்தக் கேள்வி உள்ளேயே கிடந்தது. விளக்க மூன்று வழிகள் வைத்திருக்கிறேன்.

முதல் வழி, அடுக்கி எழுதுவது.

(−3) × 3 = −9
(−3) × 2 = −6
(−3) × 1 = −3
(−3) × 0 = 0
(−3) × (−1) = ?
(−3) × (−2) = ?

வலப்பக்க விடைகள் ஒவ்வொரு வரிக்கும் மூன்று மூன்றாக ஏறுகின்றன. −9, −6, −3, 0. ஏற்றம் திடீரென்று நிற்கக் காரணம் இல்லை. அடுத்து 3, அதற்கடுத்து 6.

இரண்டாவது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், மட்டம் நிமிடத்துக்கு 3 சென்டிமீட்டர் இறங்குகிறது. இறங்குவதால் −3. இப்போதைய மட்டத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 2 நிமிடத்தில் மட்டம் (−3) × 2 = −6. சரி, 2 நிமிடத்துக்கு முன்னால்? முன்னால் என்பதால் நேரம் −2. அப்போது தண்ணீர் இப்போது இருப்பதைவிட 6 சென்டிமீட்டர் மேலே இருந்திருக்கும். (−3) × (−2) = 6. தண்ணீர்த் தட்டுப்பாடு பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் சட்டென்று பிடிபடுகிறது.

மூன்றாவது, நிரூபணத்துக்குப் பக்கத்தில் வருவது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2 + (−2) = 0. அதை −3-ஆல் பெருக்கினால் 0 வர வேண்டும். பிரித்துப் பெருக்கினால் முதல் பகுதி (−3) × 2 = −6. மொத்தம் 0 ஆக வேண்டுமென்றால் இரண்டாவது பகுதி (−3) × (−2) என்பது 6 ஆக இருந்தே தீர வேண்டும். வேறு எதை வைத்தாலும் பங்கீட்டுப் பண்பு உடைந்துபோகும்.

இந்த விதிகளை வரிசையாக எழுதி வைத்தவர் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், கி.பி. 628-இல். மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் அழைத்தார். பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம், கடனைக் கடனால் பெருக்கினாலும் செல்வம் என்றார். ஐரோப்பாவில் '+', '−' குறிகள் அச்சில் வந்தது 1489-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோகானஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில். அதற்குப் பிறகும் அங்கே குறை எண்களை ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் இருந்தார்கள். 1758-இல்கூட இங்கிலாந்தின் பிரான்சிஸ் மசேர்ஸ் இந்த எண்களுக்குப் பொருளில்லை என்ற நிலையில் நின்று எழுதினார். உங்கள் பிள்ளை ஒரு மாதம் தடுமாறினால் கவலைப்படத் தேவையில்லை.

வகுத்தலுக்குத் தனிப்பாடம் வேண்டாம். பெருக்கலைத் திருப்பிக் கேட்டால் போதும். 12 ÷ (−3) என்றால் −3-ஐ எதனால் பெருக்கினால் 12 வரும்? −4. (−12) ÷ (−3) என்றால் 4. ஒரே அடையாளம் என்றால் விடை மிகை, வேறு வேறு என்றால் குறை. 7 ÷ 2 ஒரு முழு ஆகாது, 0-ஆல் வகுக்கக் கூடாது. முழுக்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் முழுவே வரும், வகுத்தால் வராமல் போகலாம். இதைத்தான் பாடநூல் அடைவுப் பண்பு என்கிறது.

மேலே வந்த வாய்ப்பாட்டை இப்போது எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் முழுசாக எழுதுங்கள்: "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண்." பெருக்கினால் என்ற சொல் விட்டுப்போனால்தான் −3 − 4 ஏழாகிவிடுகிறது.

அடைப்புக்குறியில் கவனம்

(−3)² என்றால் (−3) × (−3) = 9. அடைப்புக்குறி இல்லாமல் −3² என்றால் முதலில் 3² = 9, பிறகு அதற்கு முன்னால் குறை: −9. அடுக்கு தன்னைத் தொட்டு நிற்பதை மட்டுமே பிடித்துக்கொள்ளும். கணினியைக் கேட்டுச் சரிபார்க்கிறேன் என்று எக்செல்லில் இதை அடித்தால் 9 என்று காட்டும், அந்த மென்பொருள் குறியை முதலில் எடுத்துக்கொள்கிறது. பள்ளிக் கணக்கில் −9தான் சரி. இரண்டு குறிகள் ஒட்டி வரும்போதெல்லாம் அடைப்புக்குறி போட்டே எழுதப் பழக்குங்கள். 5 − −3 என்று எழுதியதைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கோடு கண்ணுக்குத் தப்பிவிடும்.

வாக்கியக் கணக்குகள்

வாக்கியத்தைப் படித்ததும் முதல் வேலை 0 எங்கே என்று தீர்மானிப்பது. அடுத்து எந்தத் திசை மிகை என்று ஒரு வரி எழுதுவது. தமிழ்ச் சொற்களே வழிகாட்டும். வரவு செலவு, இலாபம் நட்டம், ஏற்றம் இறக்கம், மேலே கீழே, உபரி பற்றாக்குறை. பற்றாக்குறை என்ற சொல்லுக்குள்ளேயே குறை உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

வீட்டில் அக்காவோ அண்ணனோ நீட் தேர்வுக்குப் படித்தால் அதையே கணக்காக்கலாம். 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு −1, விட்டுவிட்டால் 0. ஒருவர் 120 சரி, 40 தவறு, 20 விட்டுவிட்டார். 120 × 4 + 40 × (−1) + 20 × 0 = 480 + (−40) + 0 = 440. பிறகு, தவறு என்று போட்ட ஒரு கேள்வியின் தண்டனையை மட்டும் நீக்குகிறார்கள் என்று வையுங்கள். குறை 1-ஐக் கழிக்கிறார்கள்: 440 − (−1) = 441. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதற்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் இதைவிட வேகமாகப் புரியும் விளக்கம் இல்லை. எல்லாம் தவறானால் என்ன வரும் என்றும் கேளுங்கள். −180.

கூடவே ஒரு புதிர். முழு மதிப்பெண் 720. ஒருவர் 719 வாங்க முடியுமா? ஒரு கேள்வியை விட்டால் 716. ஒன்று தவறானால், கிடைக்க வேண்டிய 4 போய், −1 சேர்ந்து, 715. ஆக 717, 718, 719 மூன்றும் வரவே வழியில்லை. 2024-இல் நீட் முடிவு வந்தபோது சிலருக்கு 718, 719 இருந்ததைப் பார்த்து மக்கள் கேள்வி எழுப்பியது இந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான். தேர்வில் நேரம் இழந்தவர்களுக்குக் கருணை மதிப்பெண் கொடுத்ததால் அப்படி வந்தது என்று தேர்வு முகமை விளக்கம் சொன்னது, பின்னர் அந்தக் கருணை மதிப்பெண்கள் ரத்தாயின. ஏழாம் வகுப்புக் கணக்கு நாடு முழுக்கப் பேசப்பட்ட நாள் அது.

பயிற்சி எப்படி

ஒரு நாளைக்கு ஐம்பது கணக்கு வேண்டாம், பத்து போதும். ஆனால் ஒவ்வொன்றையும் முதலில் வாயால் வாசிக்க வேண்டும், குறை எது, கழி எது என்று பிரித்து. வாசிப்பு சரியாக இருந்தால் விடையில் பெரும்பாலும் தப்பு வருவதில்லை. முதல் வாரம் கூட்டலும் பெரியது சிறியதும். இரண்டாவது வாரம் கழித்தல் மட்டும். பெருக்கலை அதற்குப் பிறகே தொடங்குங்கள், முன்னாலேயே தொடங்கினால் அந்த வாய்ப்பாடு கழித்தலுக்குள் நுழைந்துவிடும். பெருக்கல் முடிந்த மறுநாள் −3 − 4, (−3) × (−4), −3 − (−4), −3 + 4 நான்கையும் அடுத்தடுத்து கொடுங்கள். −7, 12, 1, 1 என்று வந்தால் நுழையவில்லை என்று அர்த்தம்.

சாக்பீஸ் கோட்டை அழிப்பதற்கு முன் கடைசியாக ஒன்று நடந்து பாருங்கள்: −8 − (−3) − 5 + 2. குறை 8-இல் தொடங்குங்கள். இடம் பார்த்துப் பின்னால் மூன்று, இடம் பார்த்து முன்னால் ஐந்து, வலம் திரும்பி முன்னால் இரண்டு. சரியாக நடந்திருந்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.